எலி மூன்று நாள், எஞ்சின் ஓராண்டு: கட்டுநாயக்கவில் தாமதம் எப்படி உருவாகிறது?

2024 பெப்ரவரியில் லாகூரிலிருந்து கொழும்பு வந்த ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸின் ஏ330 விமானத்துக்குள் ஓர் எலி ஓடித் திரிவதைக் கண்டார்கள். எலி எதைக் கடித்து வைத்திருக்கிறது என்று தெரியாமல் விமானத்தைப் பறக்கவிட முடியாது. எனவே மூன்று நாட்கள் அதைக் கட்டுநாயக்கவில் நிறுத்தி வைத்துத் தேடினார்கள். கடைசியில் எலி செத்துக் கிடந்தது. விமானம் சேவைக்குத் திரும்பியது. அப்போது விமானப் போக்குவரத்துக்குப் பொறுப்பாக இருந்த அமைச்சர் நிமல் சிறிபால டி சில்வா, நிறுவனத்தை வாங்க முன்வந்திருக்கும் ஒருசிலரையும் இந்த எலி விரட்டிவிடலாம் என்ற பொருள்படப் பேசினார். உலகச் செய்தி நிறுவனங்கள் இதை ஒரு வேடிக்கைச் செய்தியாக வெளியிட்டன.

வேடிக்கையான பகுதி அத்துடன் முடிந்தது. அந்தச் செய்திகளின் கடைசிப் பந்திகளில் இருந்த இரண்டு தகவல்களைத்தான் நாம் கவனித்திருக்க வேண்டும். ஒன்று, இந்த ஒரு விமானம் நின்றதால் நிறுவனத்தின் மற்ற சேவைகளும் வரிசையாகத் தாமதமாகின. மற்றது, நிறுவனத்திடம் இருந்த 23 விமானங்களில் 3 விமானங்கள் ஓராண்டுக்கும் மேலாகத் தரையிலேயே நின்றன. கட்டாயம் செய்ய வேண்டிய எஞ்சின் பராமரிப்புக்கு அந்நியச் செலாவணி இல்லை என்பதே காரணம்.

ஆகவே எலியைக் குறை சொல்லிப் பயனில்லை. எலி எந்த விமானத்துக்குள்ளும் நுழையலாம். ஒரு விமானம் மூன்று நாள் நின்றால் ஒரு நிறுவனத்தின் முழு அட்டவணையும் ஏன் ஆட்டம் காண வேண்டும் என்பதுதான் கேள்வி. கட்டுநாயக்கவில் இரவிரவாகக் காத்திருந்த பயணிகளுக்கு "தொழில்நுட்பக் கோளாறு", "செயற்பாட்டுக் காரணங்கள்" என்ற இரண்டு சொற்றொடர்களுக்கு மேல் பதில் கிடைப்பதில்லை.

ஒரு விமானம் ஒரு நாளில் ஒரு பயணம் மட்டும் செய்வதில்லை. உதாரணமாக, ஒரு சிறிய ரக ஏ320 காலையில் சென்னைக்குப் போய் வரும், மதியம் மாலைக்குப் போய் வரும், இரவில் வளைகுடா நாடொன்றுக்குப் புறப்படும். சென்னையில் ஒரு சக்கரத்தை மாற்ற ஒன்றரை மணித்தியாலம் போனால், அந்த ஒன்றரை மணித்தியாலம் மாலைக்குப் போகும் பயணிக்கும் போய்ச் சேரும், இரவில் ரியாத்துக்குப் போகும் தொழிலாளிக்கும் போய்ச் சேரும். சென்னையில் என்ன நடந்தது என்று ரியாத் பயணிக்குத் தெரியப் போவதில்லை. அவருக்குத் தெரிவதெல்லாம் பலகையில் மாறிக்கொண்டே இருக்கும் நேரம்தான். ஐரோப்பாவில் இதைக் கணக்கெடுக்கிறார்கள். அங்கு ஏற்படும் தாமத நிமிடங்களில் ஏறத்தாழ அரைவாசி, முந்தைய பயணத்தின் தாமதம் அடுத்ததற்குத் தொற்றுவதால் வருவது.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. விமானிகளுக்கும் பணிக்குழுவினருக்கும் ஒரு நாளில் இத்தனை மணித்தியாலம்தான் வேலை என்ற எல்லை இருக்கிறது. களைத்த விமானி ஆபத்தானவர் என்பதால் போடப்பட்ட எல்லை. மூன்று மணித்தியாலத் தாமதத்தில் விமானம் தயாராகிவிடும், ஆனால் அதற்குள் விமானியின் நேரம் முடிந்துவிடும். மாற்று விமானி இல்லையென்றால் அவர் ஓய்வெடுத்துத் திரும்பும் வரை விமானம் நிற்கும். மூன்று மணித்தியாலம் பன்னிரண்டு ஆவது இப்படித்தான். பயணிகள் அறிவிப்பாளரிடம் கத்துவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் தொடங்குகிறது. அறிவிப்பாளருக்கும் அதைவிட அதிகம் தெரிந்திருப்பதில்லை.

இந்தத் தொற்றை நிறுத்த ஒரே வழி, கைவசம் மிச்சம் வைத்திருப்பது. மிச்சமாக ஒரு விமானம், மிச்சமாக ஒரு எஞ்சின், அழைத்தால் வரக்கூடிய ஒரு பணிக்குழு, அட்டவணையில் கொஞ்சம் இடைவெளி. கணக்காளரின் கண்ணுக்கு இவை எல்லாம் வீண்செலவு. பறக்காமல் நிற்கும் விமானத்துக்கும் குத்தகை கட்ட வேண்டும். ஆகவே கையில் காசில்லாத நிறுவனம் முதலில் விடுவது இந்த மிச்சத்தைத்தான்.

உலகின் மிக நேரந்தவறாத விமானசேவை

இன்றைக்கு நம்பச் சிரமமாக இருக்கும், ஆனால் 2018 இல் உலகின் மிக நேரந்தவறாத விமானசேவை என்று ஃப்ளைட்ஸ்டாட்ஸ் தரவு நிறுவனம் ஒரு மாதத்துக்குத் தெரிவு செய்தது ஸ்ரீலங்கனைத்தான். அந்த ஆண்டு செப்டெம்பர் மாதத்துக்கான தரவரிசை அது. இப்படியான தரவரிசைகளைக் கொஞ்சம் உப்புப் போட்டே சாப்பிட வேண்டும். குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடங்களுக்குள் வந்தால் "நேரத்துக்கு வந்தது" என்பதே உலக வழக்கு. பயண நேரத்தை அட்டவணையில் கொஞ்சம் நீட்டி எழுதிவிட்டால் தாமதமாகப் புறப்பட்டும் நேரத்துக்கு வந்து சேரலாம். பல நிறுவனங்கள் அதைத்தான் செய்கின்றன. அத்துடன் 20 நிமிடத் தாமதமும் 14 மணித்தியாலத் தாமதமும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். இவ்வளவையும் கழித்த பிறகும், பெருந்தொற்றுக்கு முன்னர் 27 விமானங்கள் வரை வைத்திருந்த நிறுவனத்துக்கும் 20 விமானங்களை வைத்து இழுத்துப் பறித்த நிறுவனத்துக்கும் இடையே உள்ள தூரம் பெரியது.

அந்தத் தூரத்தை ஒரே நாளில் கடக்கவில்லை. 1998 முதல் 2008 வரை எமிரேட்ஸ் இந்த நிறுவனத்தை நிர்வகித்தது. 2007 டிசெம்பரில் லண்டனிலிருந்து புறப்படவிருந்த, ஆசனங்கள் நிரம்பிய விமானத்தில், அப்போதைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷவின் குழுவினருக்காகப் பயணிகளை இறக்க நிர்வாகம் மறுத்தது. சில நாட்களில் தலைமை நிறைவேற்று அதிகாரி பீற்றர் ஹில்லின் வேலை விசா இரத்தானது. அடுத்த ஆண்டு எமிரேட்ஸ் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வெளியேறியது. ரிக்கற் வாங்கியவருக்கு ஆசனம் என்ற சாதாரண விதியைக் காப்பாற்றியதற்காக ஒரு நிர்வாகம் போனது என்பதை இந்த நிறுவனத்தின் வரலாறு எழுதுபவர்கள் மறக்கக்கூடாது.

பிறகு வந்தது எயார்பஸ் கொள்வனவு. 10 விமானங்களை வாங்கவும் மேலும் 4 விமானங்களைக் குத்தகைக்கு எடுக்கவும் செய்த உடன்பாடு தொடர்பில், ஸ்ரீலங்கனின் உயரதிகாரி ஒருவரின் மனைவியை இடைத்தரகராகப் பயன்படுத்திய விவகாரம் 2020 ஜனவரி 31 அன்று லண்டன் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட எயார்பஸ் உடன்பாட்டில் வெளிவந்தது. ஏ350 விமானங்கள் இலங்கை நிறத்தில் பறக்கவே இல்லை. அவற்றுக்கான ஒப்பந்தங்கள் 2016 இல் கைவிடப்பட்டன. நீண்ட தூரச் சேவைகளைத் தாங்கி நிற்பவை அந்தக் காலத்தில் வந்த ஏ330-300 விமானங்களும் அவற்றைவிடப் பழையவையும்தான்.

பெருந்தொற்று முடிந்து மூச்சுவிடுவதற்குள் 2022 ஏப்ரல் 12 வந்தது. நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அறிவித்த நாள். அடுத்த மாதங்களில் விமான எரிபொருளும் தட்டுப்பாடாகியது. மெல்பேர்ணுக்கும் பிராங்பேர்ட்டுக்கும் போக வேண்டிய விமானங்கள் திருவனந்தபுரத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. நாம் பெற்றோல் வரிசையில் நின்ற அதே நாட்களில் விமானங்களும் கேரளத்தில் வரிசையில் நின்றன. அந்தத் தாமதத்துக்குக் காரணம் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எஞ்சின் விடயம் அப்படிக் கண்ணுக்குத் தெரிவதில்லை. எஞ்சினை இத்தனை பறப்புகளுக்கு ஒருமுறை கழற்றி, அதற்கென்றே உள்ள வெளிநாட்டுப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். கட்டணம் டொலரில். உலகெங்கும் புதிய ரக எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தேய்வதால் அந்தப் பட்டறைகளில் நீண்ட வரிசை. அந்த வரிசையில் முற்பணம் கட்டக்கூடியவர் முன்னால் நிற்பார். அரசு பிணை நின்ற 175 மில்லியன் டொலர் கடன்முறியை 2024 ஜூனில் திருப்பிக் கொடுக்க முடியாமல் போன ஒரு நிறுவனம் எங்கே நிற்கும் என்று ஊகிக்கலாம். 2023 இலும் 2024 இன் தொடக்கத்திலும் அடுத்தடுத்து நடந்த தாமதங்களின் அடியில் இருந்தது இதுதான். அதே காலத்தில் விமானிகளும் பொறியியலாளர்களும் வளைகுடா நிறுவனங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ரூபாயின் பெறுமதி வீழ்ந்து, வருமான வரி ஏறிய நாட்டில் அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது.

2025 ஜூனில் குத்தகைக்கு எடுத்த ஏ330-200 ஒன்று வந்து சேர்ந்தபோது நிறுவனம் அதைக் கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். ஒரே ஒரு விமானத்தின் வருகை இவ்வளவு பெரிய செய்தியாவது எவ்வளவு ஒட்டிப்போன வயிறு இது என்பதையும் காட்டுகிறது.

வெளிநாட்டு விமானத்தில் போகிறவர்கள் தமக்கு இதில் சம்பந்தமில்லை என்று நினைக்கலாம். கட்டுநாயக்கவில் பொதி ஏற்றி இறக்குவது உள்ளிட்ட தரைச்சேவையை எல்லா நிறுவனங்களுக்கும் செய்வது ஸ்ரீலங்கன்தான். விமான உணவு அதன் துணை நிறுவனத்தினுடையது. அது நிறுவனத்துக்கு இலாபம் தரும் பகுதி. அங்கே ஆட்கள் குறைந்தால் கட்டார், எமிரேட்ஸ் விமானங்களின் பொதிகளும் காத்திருக்கும்.

நிலையத்தையும் சொல்ல வேண்டும். ஓடுபாதை ஒன்றுதான். 2017 ஜனவரி முதல் ஏப்ரல் வரை அதைச் செப்பனிட, தினமும் காலை 8.30 முதல் மாலை 4.30 வரை நிலையத்தையே மூட வேண்டியிருந்தது. ஆண்டுக்கு 60 இலட்சம் பயணிகளுக்கென்று அமைந்த முனையத்தால் 2018 இல் ஒரு கோடிக்கும் அதிகமானோர் போய் வந்தார்கள். ஜப்பானியக் கடனில் 2020 இல் தொடங்கிய இரண்டாவது முனையத்தின் வேலை, நாடு கடன் செலுத்துவதை நிறுத்தியதும் நின்றுபோனது. வானிலை மோசமானால் விமானங்கள் மத்தளைக்கோ தென்னிந்தியாவுக்கோ திரும்ப வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயலின்போது அதுதான் நடந்தது. புயலுக்கு யாரையும் கோபிக்க முடியாது. ஆனால் புயல் போன பிறகு அட்டவணை எத்தனை நாளில் பழைய நிலைக்கு வருகிறது என்பது மீண்டும் மிச்சத்தைப் பொறுத்ததுதான்.

இது ஏழை நாட்டின் நோய் மட்டுமல்ல. 2023 ஓகஸ்ட் 28 அன்று பிரித்தானிய வான் கட்டுப்பாட்டுக் கணினி, ஒரே பெயர் கொண்ட இரண்டு வழிப்புள்ளிகள் இருந்த ஒரு பறப்புத் திட்டத்தைப் புரிந்துகொள்ள முடியாமல் நின்றுபோனது. 7 இலட்சத்துக்கும் அதிகமான பயணிகள் பாதிக்கப்பட்டார்கள். ஒரு துணை மின்நிலையத்தில் பிடித்த தீ 2025 மார்ச் 21 இல் ஹீத்ரோவையே ஏறக்குறைய ஒரு நாள் மூடியது.

நமக்கு மிகக் கிட்டிய பாடம் இந்தியாவில் நடந்தது. விமானிகளின் வாராந்த ஓய்வை 36 மணித்தியாலத்திலிருந்து 48 ஆக உயர்த்தி, வாரத்தில் செய்யக்கூடிய இரவுத் தரையிறக்கங்களை 6 இலிருந்து 2 ஆகக் குறைக்கும் புதிய விதிகளின் இரண்டாம் கட்டம் 2025 நவம்பர் 1 இல் நடைமுறைக்கு வந்தது. விதி வருவது முன்னரே தெரியும். ஆனால் உள்நாட்டுச் சந்தையில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் வைத்திருக்கும் இன்டிகோ போதிய விமானிகளைச் சேர்த்து வைத்திருக்கவில்லை. டிசெம்பர் 5 அன்று மட்டும் அதன் 1,000க்கும் மேற்பட்ட பறப்புகள் இரத்தாகின. இறுதியில் அரசாங்கம் அந்த நிறுவனத்துக்கு விதியைத் தற்காலிகமாகத் தளர்த்தியது, கூடவே அட்டவணையில் 10 வீதத்தைக் குறைக்கவும் உத்தரவிட்டது. ஸ்ரீலங்கன் மிச்சம் வைக்காததற்குக் காரணம் காசில்லாமை. இன்டிகோ இலாபத்தில் ஓடிய நிறுவனம், அது மிச்சம் வைக்க விரும்பவில்லை. விமான நிலையத் தரையில் படுத்திருந்தவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

யாழ்ப்பாணத்தவர்கள் இதைத் தூரத்துச் செய்தியாகப் பார்க்க முடியாது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது. பெருந்தொற்றில் நின்ற சென்னைச் சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இன்டிகோ வந்தது, 2025 மார்ச் இறுதியில் திருச்சியும் சேர்ந்தது. இதனால் வான் பிடித்து இரவு முழுதும் கட்டுநாயக்கவுக்குப் பயணம் செய்வதை விட்டு, சென்னை வழியாக வெளிநாடு போகப் பலர் பார்க்கிறார்கள். நல்ல யோசனைதான், இரண்டு பறப்புகளும் ஒரே ரிக்கற்றில் இருந்தால். தனித்தனி ரிக்கற் என்றால் பலாலி விமானம் பிந்தி, பாரிஸ் விமானம் போய்விட்டால் இரண்டு நிறுவனங்களுமே பொறுப்பில்லை. சென்னையில் குடிவரவைக் கடந்து பொதியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டும், அதற்கு இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்கு இந்திய விசாவும் வேண்டும். மிச்சப்படுத்திய வான் காசைவிட இது பல மடங்கு செலவாகலாம்.

பாரிஸில் 600 யூரோ, கட்டுநாயக்கவில் ஒரு பணிஸ்

தாமதத்தின் செலவை யார் சுமப்பது என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. பாரிஸிலிருந்து கொழும்புக்கு வரும் ஸ்ரீலங்கன் விமானம் எஞ்சின் கோளாறால் ஐந்து மணித்தியாலம் பிந்தி வந்து சேர்ந்தால், ஒவ்வொரு பயணிக்கும் 600 யூரோ கோரும் உரிமை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குவிதி அது. தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 என்று மூன்று படிகள். 3,500 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணத்தில், மூன்றுக்கும் நான்குக்கும் இடைப்பட்ட மணித்தியாலத் தாமதமென்றால் தொகை பாதியாகலாம். ஒழுங்குவிதியில் நட்டஈடு தாமதத்துக்கு எழுதப்பட்டிருக்கவில்லை. மூன்று மணித்தியாலத்துக்கு மேற்பட்ட தாமதத்துக்கும் அது பொருந்தும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2009 நவம்பரில் தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய ஆண்டுத் தீர்ப்பொன்று, சாதாரண தொழில்நுட்பக் கோளாறு விமான நிறுவனத்தின் வழமையான தொழிலின் ஒரு பகுதி, அதைக் காட்டித் தப்ப முடியாது என்றது. பிரெக்சிற்றுக்குப் பிறகு பிரித்தானியா இதே விதியைத் தன் சட்டமாக வைத்துக்கொண்டது. லண்டனிலிருந்து கொழும்புக்கு 520 பவுண்.

இப்போது அதே விமானம், அதே எஞ்சின், அதே கோளாறு, ஆனால் கொழும்பிலிருந்து பாரிஸுக்குப் போகும் வழியில் என்று வைத்துக்கொள்வோம். 600 யூரோ இல்லை. ஐரோப்பாவுக்கு வரும் பறப்புகளில் ஐரோப்பிய நிறுவனங்களுக்குத்தான் அந்த விதி பொருந்தும். ஆக, ஊருக்குக் கோயில் திருவிழாவுக்கு வந்து திரும்பும் ஒரு குடும்பத்துக்கு வரும்போது இருந்த உரிமை போகும்போது இல்லை. கட்டுநாயக்கவில் கிடைப்பது ஒரு பணிஸும் குளிர்பானமும், அதிர்ஷ்டமிருந்தால் நீர்கொழும்பில் ஒரு ஹோட்டல் அறையும்.

அந்தக் குடும்பத்துக்காவது திரும்பிப் போனால் வேலை இருக்கும், விடுமுறையில் ஒரு நாளைக் கூட்டிக் கேட்கலாம். மட்டக்களப்பிலிருந்தோ வவுனியாவிலிருந்தோ வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் பெண்ணின் நிலை வேறு. ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் வெளிநாட்டு வேலைக்குப் பதிவு செய்து போகும் நாடு இது. அவர்கள் அனுப்பும் டொலரில்தான் எஞ்சின் பராமரிப்புக்கான டொலரும் கிடைக்கிறது. முகவர் சொன்ன நேரத்தில் வந்து, கையில் சில்லறைக் காசோடு, எதிர்ப்பக்கம் அழைத்துச் செல்ல வருபவர் காத்திருப்பாரா என்று தெரியாமல் இருப்பவர் அவர். அறிவிப்பு பெரும்பாலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் காதில் விழும். தமிழில் கேட்டு விளங்கிக்கொள்ள ஓர் ஆள் கிடைப்பதே அவருக்குப் பெரிய விடயம்.

இலங்கையில் சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 2018 இல் புதிய வான்வழிச் சட்டத்தை நிறைவேற்றி நாடு மொன்றியல் சமவாயத்தில் இணைந்தது. தாமதத்தால் ஏற்படும் சேதத்துக்கு விமான நிறுவனம் பொறுப்பு என்று அதன் 19 ஆவது உறுப்புரை சொல்கிறது. உச்ச எல்லை 2024 டிசெம்பர் இறுதியிலிருந்து ஒருவருக்கு 6,303 சிறப்பு எடுப்பனவு உரிமை, அதாவது 8,000 அமெரிக்க டொலருக்குச் சற்று மேல். கேட்கப் பெரிய தொகை. ஆனால் இது தானாகக் கிடைக்கும் தொகையல்ல. ஹோட்டல், தவறிய அடுத்த விமானம், இழந்த சம்பளம் என்று சேதத்தைப் பற்றுச்சீட்டுடன் நிரூபிக்க வேண்டும். நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுத்தோம் என்று நிறுவனம் காட்டினால் அதுவும் போய்விடும். முடியாவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். 40,000 ரூபாய்ச் சேதத்துக்காக யார் சட்டத்தரணியைப் பிடிப்பார்? ஐரோப்பிய விதியின் பலம் தொகையில் இல்லை, நிரூபிக்கத் தேவையில்லாமையில் இருக்கிறது. மூன்று மணித்தியாலம் பிந்தியதா, ஆம் அல்லது இல்லை.

அப்படியென்றால் அதே சட்டத்தை இங்கேயும் கொண்டுவரலாமே என்று கேட்பது இலகு. ஸ்ரீலங்கன் அரசின் நிறுவனம், தனியாருக்கு விற்கும் முயற்சியையும் இன்றைய அரசாங்கம் கைவிட்டுவிட்டது. நட்டஈடு கொடுத்தால் அது திறைசேரியிலிருந்து, அதாவது விமானத்தில் ஒருபோதும் ஏறாத தோட்டத் தொழிலாளியின் வரியிலிருந்தும் போகும். இந்த ஆட்சேபத்தை நான் சும்மா தள்ளிவிடவில்லை. ஐரோப்பாவிலேயே நிறுவனங்கள் நெருக்கியதால், 2025 ஜூனில் உறுப்பு நாடுகள் எல்லையை மூன்று மணித்தியாலத்திலிருந்து தூரத்தைப் பொறுத்து நான்கு, ஆறு என்று உயர்த்த இணங்கின. ஐரோப்பிய நாடாளுமன்றம் அதை எதிர்க்கிறது.

ஆனால் ஆட்சேபத்தின் மறுபக்கமும் உண்டு. தாமதத்துக்கு விலை இல்லாதவரை, மிச்சம் வைக்காமல் இருப்பது எப்போதும் மலிவு. பத்துப் பறப்புகளுக்கு எட்டு விமானங்களை வைத்துக்கொண்டு ரிக்கற் விற்கலாம், பிந்தினால் பணிஸ் கொடுக்கலாம். விலை ஒன்று இருந்தால், எட்டு விமானம் உள்ள நிறுவனம் எட்டு விமானத்துக்கான அட்டவணையைப் போடும். என் பார்வையில் காசை விட முதலில் வேண்டியது தகவல். இந்தியாவின் சிவில் விமானப் பணிப்பாளர் நாயகம் பெரிய நிலையங்களில் எந்த நிறுவனம் எத்தனை வீதம் நேரத்துக்குப் புறப்பட்டது என்று மாதாமாதம் வெளியிடுகிறது. அமெரிக்கா 1987 இலிருந்து செய்கிறது. கட்டுநாயக்கவில் ஒவ்வொரு விமானமும் எத்தனை மணிக்கு அசைந்தது என்று கோபுரத்தில் பதிவாகிறது. அதைப் பயணி எடுத்துப் பார்க்கக்கூடிய மாதாந்தப் பட்டியலாக்க டொலர் தேவையில்லை, புதிய எஞ்சினும் தேவையில்லை. எந்தப் பறப்பு அடிக்கடி பிந்துகிறது என்று தெரிந்தால், வவுனியாவிலிருந்து வான் பிடிப்பவர் எப்போது புறப்படுவதென்றாவது முடிவெடுப்பார். நான்கு மணித்தியாலத்தில் சாப்பாடு, இரவு தாண்டினால் அறை, காரணம் எழுத்தில், மூன்று மொழிகளிலும் என்பது அடுத்த படி. இந்தியாவில் சாப்பாட்டுக்கும் அறைக்கும் ஏற்கனவே விதி இருக்கிறது.

அதுவரை, இருக்கும் உரிமைகளையாவது கேட்டு வாங்கலாம். லண்டனிலிருந்தோ பாரிஸிலிருந்தோ கொழும்புக்கு வந்தவர்கள் நேரே விமான நிறுவனத்தின் இணையப் படிவத்தில் கோரலாம், இடைத்தரகு நிறுவனங்களுக்குப் பங்கு கொடுக்கத் தேவையில்லை. பாரிஸிலிருந்து டோஹா வழியாக ஒரே ரிக்கற்றில் வந்து, டோஹாவில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பிந்திக் கொழும்பு வந்தாலும் விதி பொருந்தும். கனடாவின் விதி 2019 இலிருந்து அங்கே போகும் பறப்புகளுக்கும் அங்கிருந்து வரும் பறப்புகளுக்கும் பொருந்துகிறது, ஆனால் ஓராண்டுக்குள் கோர வேண்டும். புயல், வான் கட்டுப்பாட்டுக் கோளாறு போன்றவற்றுக்குக் காசு இல்லை. ஆனால் ஐரோப்பாவிலோ பிரித்தானியாவிலோ சிக்கியிருந்தால் அப்போதும் சாப்பாடும் அறையும் தர வேண்டும்.

காலக்கெடு பிரான்சில் ஐந்து ஆண்டுகள், இங்கிலாந்தில் ஆறு. 2023 இலும் 2024 இலும் எஞ்சின் இல்லாமல் விமானங்கள் தரையில் நின்ற காலத்தில் ஹீத்ரோவில் மணிக்கணக்காகக் காத்திருந்து கொழும்பு வந்தவர்களுக்கு அந்த ஆறு ஆண்டுகள் இன்னும் முடியவில்லை. ரிக்கற் இலக்கமும் பயணத் திகதியும் பழைய மின்னஞ்சலில் கிடக்கும், தேடிப் பார்க்கலாம்.